ரேமண்டின் ஓட்டம் (சிறுகதை)

ரேமண்டின் ஓட்டம் (ஆங்கிலத் தலைப்பு: ரேமண்ட்ஸ் ரன்) என்பது ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் டோனி கேட் பம்பாரா எழுதிய சிறுகதை ஆகும். அவர் தொகுத்து 1971 இல் வெளியிட்ட டேல்ஸ் அண்ட் ஸ்டோரீஸ் ஃபார் பிளாக் ஃபோக்ஸ் என்னும் நூலில் இக்கதை வெளிவந்தது. 1972 இல் வெளியான கொரில்லா, மை லவ் என்னும் அவருடைய சிறுகதைத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழும் ஒரு சிறுமியும், அவள் ஓடும் மே நாள் ஓட்டப்பந்தயமும் கதையின் மையம் ஆகும். கதையின் முரண், நோக்குநிலை ஆகிய இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டாக இதனைக் கொள்ளலாம்.

ஆசிரியர்

டோனி கேட் பம்பாரா (1939–1995) நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்லெமில் வளர்ந்த அவர், எழுத்தாளராக மட்டுமன்றி ஆசிரியராகவும் சமூகச் செயற்பாட்டாளராகவும் இயங்கினார். 1970 இல் அவர் தொகுத்த தி பிளாக் வுமன் என்னும் நூலும், 1980 இல் வெளிவந்த தி சால்ட் ஈட்டர்ஸ் என்னும் புதினமும் அவருடைய பிற படைப்புகளுள் முக்கியமானவை. கொரில்லா, மை லவ் தொகுப்பின் கதைகள் பலவற்றைச் சிறுமியரே தம் தெருவின் பேச்சுமொழியில் கூறுகின்றனர்.

கதைச்சுருக்கம்

கதைசொல்லியின் முழுப்பெயர் ஹேசல் எலிசபெத் டெபோரா பார்க்கர். கீச்சுக்குரல் உடையவள் ஆதலால் அவளை ஸ்குவீக்கி என்று அழைக்கின்றனர். தன் வட்டாரத்தில் தன்னைவிட வேகமாக ஓடுபவர் எவரும் இல்லை என்பது அவள் துணிபு. அவளை வெல்லக்கூடியவர் அவளுடைய தந்தை ஒருவரே. வீட்டில் அவளுக்கு உள்ள ஒரே பொறுப்பு அண்ணன் ரேமண்டைக் கவனித்துக்கொள்வது. ரேமண்ட் வயதிலும் உருவத்திலும் அவளைவிடப் பெரியவன். ஆயினும் அவனுக்குப் பிறர் கவனிப்புத் தேவைப்படுவதால் பலர் அவனை அவளுடைய தம்பி என்றே சொல்கின்றனர். அவனுடைய தலை பெரியது என்று கதை கூறுகிறது; அவனுக்குள்ள குறைபாட்டின் பெயரைக் கூறவில்லை.

பந்தயத்துக்கு முன்பு ஒருநாள் மூச்சுப்பயிற்சி செய்தவாறே ஸ்குவீக்கி ரேமண்டுடன் பிராட்வே வீதியில் செல்கிறாள். எதிரே கிரெச்சன் என்னும் சிறுமி தன் தோழியர் இருவருடன் வருகிறாள். அவர்களுள் மேரி லூயிஸ் என்பவள் முன்னர் ஸ்குவீக்கியுடன் நட்பாக இருந்தவள். அவள் ரேமண்டைச் சீண்டும் வகையில் கேள்வி கேட்க, ஸ்குவீக்கி குறுக்கிட்டு அவளை அடக்கிவிடுகிறாள்.

மே நாளன்று ஓட்டக்காரர்களுக்கு எண் வழங்கும் பியர்சன் என்பவர், இம்முறை வேறொருவருக்கு வெற்றியை விட்டுக்கொடுக்கலாமே என்று சாடையாகக் கேட்கிறார். ஸ்குவீக்கி அவரை முறைத்துப் பார்க்க, அவர் அகன்றுவிடுகிறார். 50 கெஜ (சுமார் 46 மீட்டர்) ஓட்டம் தொடங்குகிறது. ஓடும்போது பக்கவாட்டில் திரும்பும் அவள், வேலிக்கு அப்பால் ரேமண்டும் தனக்கே உரிய பாணியில் கூடவே ஓடிவருவதைக் காண்கிறாள். முதலிடம் யாருக்கு என்னும் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் வேளையில் அவளது மனம் ரேமண்டைச் சுற்றியே செல்கிறது. தன் அறை நிறையப் பதக்கங்கள் இருக்க, அவனுக்கென்று என்ன இருக்கிறது என எண்ணுகிறாள். அவனுக்குப் பயிற்சி அளித்து அவனையும் ஓட்டவீரனாக்கலாம் என்று முடிவு செய்கிறாள். முடிவில் முதலிடம் அவளுக்கும் இரண்டாமிடம் கிரெச்சனுக்கும் கிடைக்கின்றன. இரு சிறுமியரும் ஒருவரையொருவர் பார்த்து மனமாரப் புன்னகைக்கின்றனர்.

முரண்கள்

முரண் என்பது கதைமாந்தர் ஒருவரின் விருப்பத்துக்கும் அதனைத் தடுக்கும் ஒன்றுக்கும் இடையிலான இழுபறி ஆகும். அது பிற மனிதருடன் நிகழின் புறமுரண் என்றும், ஒருவர் தம் மனத்துள்ளேயே நிகழின் அகமுரண் என்றும் கூறலாம். இக்கதையில் பின்வரும் முரண்கள் காணப்படுகின்றன.

1. ஸ்குவீக்கியும் கிரெச்சனும்: வெளிப்படையாகத் தெரியும் முரண் இதுவே. பந்தயத்தில் ஒருவர் மட்டுமே முதலிடம் பெறமுடியும்.

2. ஸ்குவீக்கியும் பெரியவர்களும்: பந்தயத்தை விட்டு மே கம்பத்தைச் சுற்றி ஆடும் நடனத்தில், வெள்ளை உடை அணிந்து அவள் கலந்துகொள்ள வேண்டும் என்பது தாயின் விருப்பம். பியர்சனோ விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். சிறுமி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் உள்ளது.

3. ரேமண்டைக் கேலி செய்வோருடன் உள்ள முரண்: இதில் அவள் பேச்சுடன் நிற்பதில்லை, சண்டைக்கும் ஆயத்தமாக இருக்கிறாள்.

4. அகமுரண்: வெற்றி ஒன்றையே தன் அடையாளமாகக் கொண்டவள், அதற்கு அப்பாலும் தனக்கு ஏதேனும் உண்டா என எண்ணத் தொடங்குவது. இது கதையின் இறுதிப் பகுதியிலேயே வெளிப்படுகிறது.

நோக்குநிலை

கதை யார் கண்வழியாகக் காணப்படுகிறது என்பதே நோக்குநிலை ஆகும். இக்கதை தன்மை நோக்குநிலையில், பெரிதும் நிகழ்காலத்தில் சொல்லப்படுகிறது. ஆகவே ஸ்குவீக்கிக்குத் தெரிந்தது மட்டுமே வாசகருக்குத் தெரியும். கிரெச்சன் என்ன நினைக்கிறாள் என்பது கதையில் ஓரிடத்திலும் கூறப்படவில்லை. அவளது சிரிப்புப் பொய்யானது என்பது ஸ்குவீக்கியின் கணிப்பு மட்டுமே. சிறுமியர் ஒருவரோடொருவர் உண்மையாகச் சிரிப்பதில்லை, அதனைக் கற்றுத்தர எவரும் இல்லை என்றும் அவள் கருதுகிறாள்.

ஆகவே கதைசொல்லி கூறும் நிகழ்ச்சிகளையும், அவற்றைப் பற்றி அவள் கூறும் தீர்ப்புகளையும் வாசகர் பிரித்தறிதல் வேண்டும். கிரெச்சன் எதிரே வந்தாள் என்பது நிகழ்ச்சி. அவள் பகைமையுடன் வந்தாள் என்பது தீர்ப்பு.

இதே கதையைக் கிரெச்சன் சொல்லியிருந்தால், ஊருக்குப் புதியவளான ஒரு சிறுமி, தற்பெருமை மிக்க பழைய வெற்றியாளரை எதிர்கொள்ளும் கதையாக அது அமைந்திருக்கும். பந்தயமும் முடிவும் மாறியிருக்கா. முரண் மட்டும் மாறியிருக்கும்.

முரண் தீரும் விதம்

பெரும்பாலான விளையாட்டுக் கதைகளில் முரண், வெற்றி தோல்வி அறிவிப்புடன் தீர்கிறது. இக்கதையில் அறிவிப்புக்கு முன்னரே அது தீர்ந்துவிடுகிறது. ஸ்குவீக்கி தன் பயிற்சி ஓட்டங்களின்போதெல்லாம் ரேமண்டை உடன் அழைத்துச் சென்றவள். அவன் தனக்கு ஈடுகொடுத்து வந்தவன் என்பது அவளுக்கு எட்டிய உண்மைதான். ஆயினும் அவனைக் கவனித்துக்கொள்ள வேண்டியவனாகவே பார்த்தாள், ஓடுபவனாகப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால் அவன் ஓடுவதைக் கண்ட கணத்தில் அவளது பார்வை விரிகிறது. அவ்விரிந்த பார்வையுடனேயே அடுத்து அவள் கிரெச்சனையும் காண்கிறாள். தன்னைப் போலவே ஓட்டத்தை உண்மையாக எடுத்துக்கொள்ளும் ஒருத்தியாக அவள் தெரிகிறாள். எதிராளி மாறவில்லை; பார்ப்பவள் மாறியிருக்கிறாள்.

கதைசொல்லியும் வெற்றியாளரும் ஸ்குவீக்கியாக இருக்க, தலைப்பு ரேமண்டின் பெயரைத் தாங்கியிருப்பதன் காரணமும் இதுவே எனலாம். கதை முழுவதும் அவள் காணத் தவறியதைத் தலைப்பு முன்னரே சுட்டிவிடுகிறது.

ஒப்பீடு

ஆங்கில எழுத்தாளர் ஆலன் சிலிட்டோ 1959 இல் வெளியிட்ட தி லோன்லினெஸ் ஆஃப் த லாங் டிஸ்டன்ஸ் ரன்னர் என்னும் கதையும் ஓட்டம் பற்றியது. அதுவும் தன்மையில் சொல்லப்படுவது. சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டுள்ள ஸ்மித் என்னும் இளைஞன், அதன் தலைமை அதிகாரி விரும்பும் கோப்பையை அவருக்குக் கிடைக்கவிடாமல் செய்ய, வெல்லக்கூடிய பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்கிறான். அக்கதையில் கதைசொல்லியின் பார்வை எதிர்த்தரப்பை நோக்கி விரிவதில்லை, முரணும் தீர்வதில்லை. பம்பாராவின் கதையில் பார்வை விரிவதால் முரண் தீர்கிறது. விட்டுக்கொடுக்கச் சொல்லும் பெரியவரிடம் ஸ்குவீக்கி இணங்குவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. முழுவேகத்துடன் ஓடி வென்ற பின்னரே அவள் கிரெச்சனை மதிக்கிறாள். ஆகவே போட்டியைக் கைவிடுவதே பகைமைக்குத் தீர்வு என்று இக்கதை கூறவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- சிறுகதை
- கதைசொல்லி
- ஹார்லெம்
- ஆப்பிரிக்க அமெரிக்க இலக்கியம்