தாமல் சாலையில் மனை வாங்கும் முன்: காஞ்சிபுரம் புறநகரில் கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் நோக்கிப் போனால் கீழம்பி, திருப்புட்குழி, பாலுசெட்டிசத்திரம், தாமல், ஓச்சேரி என்று வரிசையாக ஊர்கள் வரும். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த ஊர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்துக்குப் பெயர் பெற்றவை. இன்று நெல் விளைந்த இடங்களில் வெள்ளைக் கற்கள் நட்டு, வண்ணக் கொடி கட்டி, நுழைவாயில் வளைவு வைத்து மனைகள் விற்கப்படுகின்றன. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம், மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த நகை, ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை என்று நம் குடும்பங்களின் பெரும் சேமிப்பு இப்படித்தான் மண்ணில் போடப்படுகிறது. ஒரு பத்திரத்தில் பிழை நேர்ந்தால் பதினைந்து ஆண்டு உழைப்பு போய்விடும். எனவே முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏன் இந்த வேகம்?

காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியானது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் தொழில் மையமாகின. 262 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு – சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கப்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளும் நீண்டது.

இத்தனையும் உண்மை. ஆனால் விளம்பரத் தாளில் "ஏர்போர்ட் அருகில்" என்று போடுவது வேறு, விமான நிலையம் வருவது வேறு. பரந்தூர் திட்டத்துக்கு ஒன்றிய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலில்தான் கிடைத்தது. ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் தங்கள் வயலையும் ஏரியையும் இழக்க மாட்டோம் என்று 2022 முதலே போராடி வந்திருக்கிறார்கள்.

தொழிற்சாலையை நம்பி நிலம் வாங்குவோருக்கும் ஒரு பாடம் இந்த மாவட்டத்திலேயே உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆகவே நாளை வரப்போகும் திட்டத்துக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். இன்று அந்த இடத்தில் சாலை, குடிநீர், பேருந்து, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற விலை கொடுங்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். தாமல் ஏரி இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. இங்குள்ள ஏரிகள் சங்கிலி போன்றவை. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், மதகு, ஓடை எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். பத்து ஆண்டுகள் மழை குறைந்தால் ஓடை புதர் மண்டிச் சாதாரண நிலம் போலத் தெரியும். ஒரு பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழிக்கே திரும்பும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்றை ஒட்டி எழுந்த குடியிருப்புகள் முதல் தளம் வரை மூழ்கின. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. இந்த இரண்டு மழையிலும் நீங்கள் வாங்க நினைக்கும் இடம் எப்படி இருந்தது என்று விற்பனைப் பிரதிநிதியைக் கேட்காதீர்கள். அந்த ஊர் விவசாயியிடமும் டீக்கடைக்காரரிடமும் கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

பிறகு சர்வே எண்ணைக் கொண்டு கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றையும் ஒப்பிட வேண்டும். மனையின் மேலோ அருகிலோ ஏரி, வாய்க்கால், ஓடை, களம், மேய்ச்சல் புறம்போக்கு என்று குறிப்பு இருந்தால் விலகிவிடுவதே நல்லது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அகற்ற நோட்டீஸ் வரலாம்.

அங்கீகாரம் யாருடையது?

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி, அல்லது சிஎம்டிஏ அனுமதி வேண்டும். ஊராட்சி தனியாகத் தரும் தாளுக்கு மதிப்பில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன் பின் 2017-ல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கு மட்டுமே வழிவிட்டன. அதற்குப் பிறகு போட்ட பிரிவை "பின்னால் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அனுமதி எண் கிடைத்தால் மட்டும் போதாது. அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண்ணும் அளவும் அதில் உள்ளபடியே தரையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். பூங்கா இடத்தையே துண்டு போட்டு விற்ற கதைகள் உண்டு.

சில இடங்களில் நம் மக்களை ஈர்க்க "பள்ளிவாசலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்" என்கிறார்கள். அந்த இடம் வரைபடத்தில் பூங்கா என்று இருந்தால் அங்கே எதுவும் கட்ட முடியாது. தனி மனையாகப் பிரித்து, வக்ஃபாகவோ அறக்கட்டளைக்கோ பத்திரம் எழுதித் தந்திருந்தால்தான் அந்த வார்த்தைக்குப் பொருள் உண்டு. வழிபாட்டுத் தலம் கட்டத் தனி அனுமதியும் தேவை. மதரஸா, கப்ரஸ்தான் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதையும் குடியேறும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரேரா தரும் பாதுகாப்பு

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, மனைப்பிரிவையும் அடுக்குமாடித் திட்டத்தையும் ரேராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ, அடுக்குமாடி வீடுகள் எட்டுக்குள்ளோ இருந்தால் மட்டும் விலக்கு. பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோர் கொடுக்கும் தொகையில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். சொன்ன காலத்தில் ஒப்படைக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. வீட்டின் கட்டுமானக் குறை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டியவரே சரி செய்து தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போய், பிரியாணி போட்டு, அன்றே "டோக்கன் அட்வான்ஸ்" கேட்பவரிடம் முதலில் ரேரா எண்ணைக் கேளுங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

மூலப் பத்திரம், அதன் பின் கைமாறிய ஒவ்வொரு பத்திரம், குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா ஆகியவற்றை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம். இவற்றோடு ஐந்து விஷயங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

1. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையின் பேரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு வழங்கிய நிலம் இது. அந்த அறிக்கை பிறந்ததே இந்த மண்ணில்தான். அந்தச் சமூகத்தவர் அல்லாதோர் இதை வாங்க முடியாது. வாங்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டாலும் அது எளியவரின் உரிமை என்பதை நாம் மறக்கக் கூடாது.

2. கோயில், வக்ஃபு நிலம். காஞ்சிபுரம் கோயில் நகரம். சுற்றுவட்டாரத்தில் கோயில்களுக்குச் சொந்தமான நிலங்கள் ஏராளம். இந்து சமய அறநிலையத் துறைக்கு உட்பட்ட நிலத்தையும் வக்ஃபு நிலத்தையும் உரிய அனுமதியின்றிப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. வக்ஃபு சொத்தை விற்க வக்ஃபு சட்டமே தடை விதிக்கிறது. அறியாமல் வாங்கினேன் என்பது பாதுகாப்பு ஆகாது.

3. வாரிசுகள். விற்பவர் குடும்பத்தில் சகோதரிகள் கையெழுத்து போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முஸ்லிம் குடும்பமானால் மனைவி, மகள், தாய் அனைவருக்கும் பங்கு உண்டு. "அக்கா கேட்க மாட்டாங்க" என்ற வாய்வார்த்தை நீதிமன்றத்தில் நிற்காது. விற்பவர் தனக்கு வாய்மொழி ஹிபாவாக வந்த சொத்து என்றால், கொடுத்ததற்கும் ஏற்றதற்கும் கைவசம் ஒப்படைத்ததற்கும் ஆதாரம் கேளுங்கள்.

4. பவர் பத்திரம். பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். ஆகவே அவர் உயிரோடிருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பதிவு நாளன்றே விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் ஊருக்குப் பவர் அனுப்பும்போது இந்தியத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்ப வேண்டும். அது இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும்.

5. யார் பெயரில்? அனுப்பிய பணத்தில் அண்ணன் பெயரிலோ மச்சான் பெயரிலோ மனை வாங்கிப் பிறகு உறவு முறிந்த குடும்பங்களை நாம் அறிவோம். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. சொத்தைப் பணம் போட்டவர் பெயரிலேயே எழுதுங்கள்.

செலவுக் கணக்கு

2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, விற்பனை விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இது கணக்கிடப்படும். 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. இந்த மனைக்கு 10,000 ரூபாய் மிச்சமாகும். சொத்தும் பெண்ணின் கையில் இருக்கும்.

வீடு கட்டும்போது, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையம் வழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அந்த அனுமதி அங்கீகரித்த மனைக்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்.

பதிவுக்குப் பின்

பத்திரம் கைக்கு வந்ததும் பெட்டியில் பூட்டி வைத்துவிடாதீர்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், நான்கு மூலையிலும் கல் நடுங்கள், காலி மனை வரியைக் கட்டி ரசீது வாங்குங்கள், ஆண்டுக்கு ஒரு முறை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் மனையை ஆள் இல்லாத இடம் என்று கண்டு போலிப் பத்திரம் போடுவோர் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் சரிபார்க்க ஒரு மாதம் பிடிக்கலாம், சில ஆயிரம் ரூபாய் செலவாகலாம். அதற்குள் மனை விற்றுப்போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். போகட்டும். தாமலில் நிலம் இன்னும் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பு ஒரு முறைதான் கைக்கு வரும்.