தேக்கா: பெயர் மாற மறுத்த சந்தை

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் யாரிடமாவது, ஞாயித்துக்கிழமை காய்கறி வாங்க எங்கே போவீங்க என்று கேட்டுப் பாருங்கள். "தேக்கா" என்ற பதில் வர நிறைய வாய்ப்புண்டு. வாழைப்பூ, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மீன், ஆட்டுக்கறி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும் ஈரச்சந்தை. அங்கே இருந்த வருடங்களில் நானும் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

தேக்கா, காதுக்குத் தமிழ்ச் சொல் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஹொக்கியன் சீனம். "தெக் கியா கா" என்றால் சிறு மூங்கில்களின் அடிவாரம். ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்ததால் வந்த பெயர்.

மலாய்க்காரர்கள் அதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ் என்றார்கள். எருமைத் தொழுவம் என்று பொருள். தண்ணீரும் புல்லும் இருந்ததால் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் செழித்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே பஃபலோ சாலை. 1915-ல் கட்டிய சந்தைக்கும் கண்டாங் கெர்பாவ் சந்தை என்றுதான் பெயர்.

தமிழர்கள் சும்மா இருப்பார்களா? சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் இந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். கம்பம் என்பது கம்போங், அதாவது கிராமம் என்ற மலாய்ச் சொல்.

1982-ல் பழைய சந்தையை இடித்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 1979-ல் தொடங்கிய "மாண்டரின் பேசுவோம்" இயக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் அதே சீன எழுத்துகளை மாண்டரினில் வாசித்து, ஜூஜியாவ் சென்டர் என்று பலகை மாட்டினார்கள். பொருள் அதே மூங்கில் அடிவாரம்தான், ஓசைதான் வேறு. ஆனால் சந்தைக்கு வந்துபோன தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் மூங்கில் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது வாயில் பழகிய ஓசை. ஹொக்கியன் பேசிய சீனர்களுக்கும் அப்படித்தான். பலகையில் ஜூஜியாவ், பேச்சில் தேக்கா என்று பதினெட்டு வருடம் ஓடியது. 2000-ல் அரசே தேக்கா சென்டர் என்று மாற்றிவிட்டது.

எங்கள் சூலக்கரைக்குப் பக்கத்து ஊரான விருதுநகரும் பெயர் மாறிய சந்தை ஊர்தான். மிளகாய், பருப்பு, எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுபட்டி, 1923-ல் விருதுநகர் ஆனது. அது நிலைத்துவிட்டது. வால்தான் மாறியது, மக்கள் வாயில் இருந்த "விருது" அப்படியே இருந்தது என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் தமிழருக்கு ஒரு சங்கதி இருக்கிறது. சூளைகள் போனபின் சுண்ணாம்புக் கம்பமும் வழக்கொழிந்துவிட்டது. எருமைத் தொழுவம் இன்று கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்துகளில் ஒளிந்திருக்கிறது. நாமே வைத்த பெயரைத் தொலைத்துவிட்டோம். அடுத்தவர் வைத்த பெயரையோ, வாராவாரம் காய் வாங்கப் போயே நம்முடையதாக்கிக்கொண்டோம்.