தீக்குதிரை வருடம்

பத்திரிகைத் தொழிலில் நான் நீண்டகாலம் பொறுப்பாக இருந்த பக்கங்களுள் சோதிடப் பக்கமும் ஒன்று. சீனப் புதுவருடம் நெருங்கும்போதெல்லாம், எலி வருடத்தில் பிறந்தவர் இப்படி, புலி வருடத்தில் பிறந்தவர் அப்படி என்ற குறிப்புகளை ஆங்கில ஏடுகளிலிருந்து மொழிபெயர்த்து இடம் நிரப்பியதுண்டு. அக்கணக்கைப் பொறுமையாகப் படித்தது பின்னாளில்தான். அறிய விரும்பும் வாசகர்களுக்காகச் சில அடிப்படைகளை இங்கு தருகின்றேன்.

சீனச் சோதிடம் பன்னிரண்டு மிருகங்களுடன் முடிந்துவிடுவதில்லை. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பன ஒரு வரிசை. மரம், தீ, மண், உலோகம், நீர் ஆகிய 5 மூலகங்களும் யாங், யின் என இவ்விரண்டாகி 10 ஆவது மற்றைய வரிசை. இரண்டும் ஒருங்கே சுழன்று தொடங்கிய இடத்துக்கு மீள 60 வருடங்கள் செல்லும். பிரபவ முதல் அட்சய வரையான எமது சுற்றும் 60 வருடங்களே. ஷாங் அரச மரபின் காலத்து எலும்புப் பொறிப்புகளில், 3000 வருடங்களுக்கு முன்னரே, நாட்களை எண்ண இந்த அறுபதின் சுற்று பயன்பட்டுள்ளது. மிருகங்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

ஜனவரி 1 இலிருந்து வருடத்தை எண்ணுவது பலர் விடும் தவறு. சீனப் புதுவருடம் ஜனவரி 21 இற்கும் பெப்ரவரி 20 இற்கும் இடையில் பிறக்கும். 2026 இல் அது பெப்ரவரி 17. அவ்வாறு பிறந்தது தீக்குதிரை வருடம். அதற்கு முந்திய தீக்குதிரை வருடம் 1966.

சீனாவிடமிருந்து இக்கணக்கைப் பெற்ற யப்பானில், தீக்குதிரை வருடத்துப் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்ற நம்பிக்கை வேரூன்றியது. தீவைத்த குற்றத்துக்காக 1683 இல் எடோ நகரில் எரித்துக் கொல்லப்பட்ட ஒஷிச்சி என்ற இளம்பெண், 1666 ஆம் வருடத்துத் தீக்குதிரையில் பிறந்தவள் என்ற கதை அதனை வளர்த்தது.

1965 இல் யப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 23 ஆயிரம். 1966 இல் அத்தொகை 13 இலட்சத்து 60 ஆயிரமாக வீழ்ந்தது. மறுவருடம் 19 இலட்சத்தைத் தாண்டியது. இடையில் போருமில்லை, பஞ்சமுமில்லை. 1964 இல் ஒலிம்பிக்கை நடத்தி, அதிவேகப் புகையிரதத்தையும் ஓடவிட்ட நாடு அது. பெண் பிறந்துவிடுமோ என அஞ்சியவர்கள் ஆண் குழந்தையையும் பெறாது விட்டனர்.

செவ்வாய் தோஷம் என்ற ஒரு சொல்லால் திருமணம் தட்டிப்போன பெண்களை எமது ஊர்களில் நான் அறிவேன். ஆகவே யப்பானியரைப் பார்த்து நகைக்க மனம் வரவில்லை. இடம் நிரப்ப நான் எழுதிய வரிகளை எந்த வீட்டில் எவர் நம்பினரோ என்ற எண்ணமே வருகின்றது.