வெயிலை வீணாக்கும் இலை: மூன்று மரபணுக்களால் கூடிய சோயா விளைச்சல்

உச்சி வெயில் பயிருக்கும் கடுமைதான். ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானதைவிட அதிக ஒளி விழும்போது, இலை மிகுதியான ஆற்றலை வெப்பமாக வெளியேற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் இலைக்குள் ஒளியை வாங்கும் அமைப்பு சேதமடையும்.

நிழல் விழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மேகம் மறைத்தாலோ மேல் இலை குறுக்கிட்டாலோ ஒளி நொடியில் குறைந்துவிடும். ஆனால், இந்தத் தற்காப்பு ஓயப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை கிடைக்கும் கொஞ்ச ஒளியும் வெப்பமாகவே வீணாகிறது. வயலில் இது நாள் முழுவதும் நடக்கிறது.

இந்த இழப்பைக் குறைக்க முனைந்தது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத் தலைமையில் 2012இல் தொடங்கிய 'ரைப்' ஆய்வுத் திட்டம். பேராசிரியர் ஸ்டீபன் லாங்கின் குழு, தற்காப்பைக் கட்டுப்படுத்தும் மூன்று மரபணுக்களை அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து எடுத்துப் புகையிலையில் சேர்த்தது. மரபணு மாற்றத்தை எளிதில் ஏற்கும் செடி என்பதால் புகையிலையில் முதல் சோதனை நடந்தது. நிழல் விழுந்ததும் தற்காப்பு விரைவாக ஓய்ந்தது. செடிகளின் உலர் எடை 14 முதல் 20 விழுக்காடு கூடியது. இந்த முடிவு 2016இல் வெளியானது.

அடுத்து, உணவுப் பயிரான சோயா. 2022இல் வெளியான ஆய்வின்படி, மரபணு மாற்றிய ஐந்து சோயா வகைகளில் விளைச்சல் 33 விழுக்காடு வரை உயர்ந்தது. விதையின் புரதமும் எண்ணெயும் குறையவில்லை. வழக்கமாக விளைச்சல் கூடினால் புரதம் குறையும் என்பதால் இது முக்கியம்.

இருப்பினும், அந்தக் கணக்கு 2020ஆம் ஆண்டுச் சோதனையைச் சார்ந்தது. 2021இல் புயல்காற்றில் பயிர் சாய்ந்தது. விளைச்சலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இலை எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும் தண்டு நிற்க வேண்டும், பருவம் ஒத்துழைக்க வேண்டும். ஒரு பருவத்து வெற்றியை வைத்து விவசாயி விதை வாங்க முடியாது.

நெல், தட்டைப்பயறு, மரவள்ளி ஆகியவையும் இத்திட்டத்தில் உள்ளன. இவற்றில் மரவள்ளியும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகளுக்குச் சோறு போடும் பயிர்கள். பல இடங்களில் பல பருவச் சோதனைகளைத் தாண்டி, அரசு அனுமதியும் பெற்ற பிறகே இந்த விதைகள் அவர்களின் நிலத்தை எட்டும். கூடுதல் நிலம் இல்லாதவர்களுக்கு, இருக்கும் நிலத்திலேயே கூடும் விளைச்சல்தான் இந்த ஆய்வின் உண்மையான பயன்.