உருகாத பிளாஸ்டிக்: டிராபண்ட் காரின் கதை



காரின் பிளாஸ்டிக் பம்பர் உடைந்தால் சூடான சால்டரிங் அயர்னை வைத்து உருக்கி ஒட்டிக் கொடுப்பார்கள். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தை அடைப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான். ஆனால் குக்கர் கைப்பிடி உடைந்தால்? எவ்வளவு சூடு வைத்தாலும் அது உருகாது, கருகிப் போகும். அந்தக் கைப்பிடியின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒரு பொருளால் கார்களுக்கே மேல்தோல் போட்ட நாடு ஒன்று இருந்தது. அது கிழக்கு ஜெர்மனி. அந்தக் காரின் பெயர் டிராபண்ட்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. காருக்கு ஏற்றபடி அழுத்தி வளைக்கக்கூடிய நல்ல மெல்லிய இரும்புத் தகடு கிழக்குப் பக்கத்தில் கிடைப்பது அரிது. மேற்கு நாடுகளிடம் வாங்கலாம் என்றால் ஏற்றுமதித் தடை. எனவே ஸ்விக்காவ் நகரத் தொழிற்சாலையில் கையில் இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள். சோவியத் யூனியனிலிருந்து வந்த பஞ்சுக்கழிவை ஃபீனால் ரெசினோடு சேர்த்து, சூடான அச்சில் அழுத்தி எடுத்தார்கள். அதுதான் டூரோபிளாஸ்ட். 1955ல் பி70 என்ற காரில் இது முதலில் வந்தது. 1957ல் டிராபண்ட் பிறந்தது. எலும்புக்கூடு இரும்பு, பானட், கூரை, கதவு, மட்கார்டு, டிக்கி மூடி எல்லாவற்றுக்கும் மேல்தோல் டூரோபிளாஸ்ட்.

அட்டையில் செய்த கார் என்று ஜெர்மானியர்களே கிண்டல் செய்தார்கள். 'பந்தய அட்டை' என்று பட்டப்பெயர் வேறு! 1998ல் வந்த 'பிளாக் கேட், ஒயிட் கேட்' படத்தில் ஒரு பன்றி டிராபண்டைத் தின்றுகொண்டே இருக்கும். உண்மையில் அது அட்டை இல்லை. துருப்பிடிக்காத, எடை குறைந்த, நல்ல உறுதியான பொருள்.

பிரச்சினை அடிபட்டால்தான். இரும்பு மட்கார்டு நசுங்கினால் டிங்கரிங் செய்பவர் தட்டி நிமிர்த்திவிடுவார். டூரோபிளாஸ்ட் நசுங்காது, விரிசல் விடும் அல்லது உடையும். தட்டவும் முடியாது, உருக்கி ஒட்டவும் முடியாது. ஒருமுறை சூட்டில் இறுகிய ரெசின் மறுபடி இளகாது என்பதே காரணம். அப்படியானால் வழி? விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் முனையில் ஒரு சிறு துளை போட வேண்டும். பின்பக்கத்தை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, கண்ணாடி இழைத் துணியை ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும். காய்ந்தபின் முன்பக்கம் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். (தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி அவசியம்.) சொல்லப்போனால் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடுகிற மாதிரிதான். அதிகமாக நொறுங்கிப்போனால் பாகத்தையே மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் வணிகவியல் மாணவனான எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. மாற்றுவதற்குப் பாகம் எங்கே? இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தச் சில நொடிகள் போதும். டூரோபிளாஸ்ட் அச்சிலேயே வெந்து இறுகச் சில நிமிடங்கள் ஆகும். உற்பத்தி மெதுவானதற்கு இதுவும் ஒரு காரணம். புதுக் காருக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். உதிரிபாகத்துக்கும் தட்டுப்பாடு. கிடைக்கும்போதே வாங்கி வீட்டில் சேர்த்து வைத்தார்கள். 'எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது?' என்ற பொருள்படும் தலைப்பில், கார் உரிமையாளருக்கான பழுதுபார்க்கும் புத்தக வரிசையே அங்கே வந்தது. தலைப்பே நிலைமையைச் சொல்லிவிடுகிறது பாருங்கள்!

தேய்மானம் என்று நாம் படிக்கிறோமே, கார் வாங்கிய நாளிலிருந்து மதிப்பு குறையும் என்று? அங்கே அது தலைகீழ். கைமாறும் பழைய டிராபண்ட் புதியதைவிட அதிக விலைக்குப் போனது, ஏனென்றால் அதை இன்றே ஓட்டிப் போகலாம். அப்படிப்பட்ட சந்தையில் உடைந்த மட்கார்டை ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழிப்பது கஞ்சத்தனம் இல்லை, சரியான கணக்கு.

1989 நவம்பர் 9ல் பெர்லின் சுவர் திறந்தது. 1990 ஜூலை 1 முதல் கிழக்கிலும் மேற்கு ஜெர்மன் மார்க் செல்லும் என்றானது. அந்தப் பணத்தில் மேற்கத்தியப் பழைய கார்களை வாங்க முடிந்தது. பத்து வருடம் காத்திருந்து வாங்கிய, ஒட்டி ஒட்டிக் காப்பாற்றிய கார் சில மாதங்களில் வாங்க ஆளில்லாத பொருளானது. பலர் தெருவிலேயே விட்டுப் போனார்கள். கணக்கேட்டில் 'நட்டம்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், ஆனால் அந்தக் காத்திருப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? சுமார் 30 லட்சம் வண்டிகளுக்குப் பிறகு, 1991 ஏப்ரல் 30ல் உற்பத்தி நின்றது.

கைவிட்ட வண்டிகளை அழிப்பதும் எளிதாக இல்லை. உருகாத பொருளை உருக்கி வேறொன்றாக்க முடியாது, எரித்தால் நச்சுப்புகை. ஆனால் அதே குணம்தான் இன்று ஆர்வலர்களுக்கு வரம். பழைய டிராபண்டில் முதலில் போவது அடித்தளம், வாசற்படிப் பகுதி போன்ற இரும்புப் பாகங்கள்தான். அவை துருப்பிடித்து உதிர்ந்த வண்டியிலிருந்து, இரும்புக்கு மாற்றாக வந்த அந்தப் பிளாஸ்டிக் கதவையும் மட்கார்டையும் முழுசாகக் கழற்றி எடுத்து, இன்னொரு டிராபண்டில் மாட்டி ஓட்டுகிறார்கள்.