பம்பில் கேவிட்டேஷனும் இம்பெல்லர் வடிவமைப்பும்

பம்புக்குள் நுழையும் நீரின் அழுத்தம் அதன் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால், தண்ணீர் சூடாகாமலேயே கொதித்துக் குமிழி விடும். அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் அந்தக் குமிழிகள் நொறுங்கி, பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரின் உலோகத்தைக் கொத்தி எடுக்கும். இதுவே கேவிட்டேஷன். குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை 1917-ல் ரேலி பிரபு கணக்கிட்டுக் காட்டினார். பம்பு ஜல்லியை அரைப்பதுபோல் இரையும். கழற்றிப் பார்த்தால் இதழின் முனையை அடுத்து அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருக்கும். பலர் துரு என்று நினைத்துவிடுவார்கள். துரு பரவலாகப் படியும், இது ஒரே இடத்தைத் தின்னும்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. கிணற்று நீர்மேல் அழுத்தும் காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளு சுமார் 10.3 மீட்டர் நீருயரம். 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் 9.8; ஊட்டியில் 8 மீட்டருக்கும் குறைவு. கோவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு, நீர்மட்டம் பம்புக்கு 6 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். புட்வால்விலும் பைப்பிலும் உராய்வுக்கு 0.8 மீட்டர், 30 டிகிரி நீரின் ஆவியழுத்தத்துக்கு 0.4 மீட்டர் போனால் மிச்சம் 2.6. பம்பு ஒழுங்காக ஓட அதன் வாயில் 3 மீட்டர் அழுத்தம் தேவை என்றால் இரைச்சல் நிச்சயம். ஊட்டியில் இதே அமைப்பில் 1 மீட்டர்கூடத் தேறாது.

வடிவமைப்பாளர் குறைக்கப் பார்ப்பது அந்த 3 மீட்டரைத்தான். இம்பெல்லரின் வாயை அகலப்படுத்தினால் நீர் நுழையும் வேகம் தணியும். ஆனால் அளவுக்கு மீறினால், ஓட்டம் குறையும்போது நீர் வாயிலேயே பின்னோக்கிச் சுழன்று வேறுவிதக் கேவிட்டேஷனைக் கொண்டுவரும். இதழின் முன்முனையை மழுங்கலாக விடாமல் மெல்லியதாக வளைத்து வாய்க்குள் சற்று நீட்டுவதும், நுழையும் நீரின் திசைக்கு ஏற்ப அதன் கோணத்தை வைப்பதும் நல்ல பலன் தரும். பெரிய பம்புகளில் இருபுறமும் நீர் நுழையும் இம்பெல்லர் வைத்து ஓட்டத்தைப் பாதியாகப் பிரிப்பார்கள். நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும் மோட்டாரை விட்டு 1,440-க்கு இறங்கினாலும் தேவை வெகுவாகக் குறையும். பம்பு பெரிதாகி விலை ஏறும். வரைபடத்தில் எவ்வளவு திருத்தினாலும் வார்ப்பில் இதழ் முனை தடித்து வந்தால் எல்லாம் வீண். வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ அரிப்பைத் தாங்கும், குமிழியைத் தடுக்காது.

பரிசோதனையில் பம்பு நீரேற்றும் உயரம் 3 சதவீதம் சரிந்த புள்ளியையே இந்தத் தேவையின் எல்லையாகக் கொள்கிறார்கள். குமிழி அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும் என்பதால், அட்டவணையில் போட்ட எண்ணை அப்படியே நம்புவது சரியல்ல. அரை மீட்டராவது கூட்டி வைக்க வேண்டும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடினால் ஓட்டம் குறைந்து சத்தம் அடங்குவது உண்டு. சக்ஷன் பக்க வால்வை மூடினால் நிலைமை மோசமாகும்.

கொங்கு நாட்டு விவசாயி இதை நூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுப் பாறையில் திட்டு வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கினார். பிறகு வந்த நீர்மூழ்கி பம்பு சக்ஷன் பைப்பையே ஒழித்துவிட்டது. ஆழ்துளைக் கிணற்றில் பம்புக்கு மேல் போதிய நீர் நிற்கும்வரை அதற்குக் கவலையில்லை.

ராக்கெட்டில் இதே சிக்கல் இன்னும் கடுமை. தொட்டியின் எடையைக் குறைக்க உள்ளழுத்தத்தைக் குறைவாக வைப்பார்கள். மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனோ கொதிநிலையை ஒட்டியே இருக்கும். அதனால் பிரதான பம்புக்கு முன்னே திருகாணிபோன்ற முன்னுந்தியும் சிறு பூஸ்டர் பம்பும் வைக்கிறார்கள். அந்தச் சிறு பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று: 2010 ஏப்ரல் 15-ல் இந்தியா ஏவிய ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட்டில் எரிபொருள் பூஸ்டர் பம்பு சில நொடிகளிலேயே நின்றுபோக, திரவ ஹைட்ரஜனில் இயங்கும் கிரையோஜெனிக் கட்டம் உந்துவிசை தராமல் ராக்கெட் கடலில் விழுந்தது. திருத்திய பம்போடு, மகேந்திரகிரி சோதனை மையத்தில் சோதனைகள் முடித்து, 2014 ஜனவரி 5-ல் ஜிஎஸ்எல்வி-டி5 வெற்றிகரமாகப் பறந்தது.