சர்வீஸ்: ஒரு கடற்படைப் பதக்கம் சொல்லும் வரலாறு

“முப்பது வருஷ சர்வீஸ்” என்று நம் அலுவலகங்களில் சொல்லும்போது, அந்தச் சொல் செய்த வேலையைவிட, அறுபடாமல் எண்ணி வந்த காலத்தையே குறிக்கிறது. லத்தீனில் அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்ற சொல்லின் வழிவந்தது இது. ஏவலைக் குறித்த சொல் உரிமையுள்ள ஆண்டுக்கணக்கைக் குறிக்கத் தொடங்கியதைப் புரிந்துகொள்ள, பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு வழங்கிய ‘நீண்ட சர்வீஸ், நன்னடத்தைப் பதக்கம்’ நல்ல சான்று. இந்தப் பதக்கத்தைப் பொறுத்தவரை சொல் முந்தி வந்தது, அதற்குரிய வாழ்க்கை பிந்தித்தான் வந்தது என்பது என் முடிவு.

நான்காம் வில்லியம் மன்னர் 1831 ஆகஸ்ட் 24 அன்று இதை ஏற்படுத்தினார். 21 ஆண்டுப் பணி அதற்குத் தகுதி. வெள்ளிப் பதக்கத்தின் ஒரு முகத்தில் நங்கூரமும் முடியும் இருந்தன. மறுமுகத்தில் பெற்றவரின் பெயரைப் பொறித்தார்கள். ஆனால் அன்றைய மாலுமி சேர்ந்தது கடற்படையில் அல்ல, ஒரு கப்பலில். அந்தக் கப்பலின் பணிக்காலம் முடிந்ததும் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அடுத்துப் போர்க்கப்பலில் ஏறுவதா, வணிகக் கப்பலுக்குப் போவதா என்பது அவர் பாடு. 1815-க்கு முந்திய போர்க்காலங்களில் துறைமுகத் தெருக்களில் ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்தும் கப்பலேற்றினார்கள். ஆகவே 1831-இல் ‘நீண்ட சர்வீஸ்’ என்றது பல கப்பல்களின் துண்டுக் கணக்குகளைக் கூட்டி வந்த தொகை. 1853-இல்தான் தொடர்பணி முறை வந்தது. 18 வயது முதல் 10 ஆண்டுக்கு மாலுமி ஒப்பந்தமானார். ஒரு கப்பலை விட்டு இறங்கினாலும் கடற்படையின் ஆளாகவே இருந்தார். 1874-இல் பதக்கத்துக்கான தகுதியும் 10 ஆண்டாகக் குறைந்தது. பின்னர் 15 ஆயிற்று.

1853-க்கு முன்பும் ஆயுளெல்லாம் கடற்படையில் கழித்தவர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள், இல்லையேல் முதல் பதக்கங்களைப் பெற ஆளிருந்திருக்காது. ஆனால் அந்தத் தொடர்ச்சி மாலுமி தாமாகக் காத்தது, கடற்படை உறுதியளித்தது அல்ல. பயிற்சி பெற்ற பீரங்கிக்காரர்களைத் தக்கவைக்கக் காட்டிய ஆசைதான் இந்தப் பதக்கம் என்பது இன்னொரு வாதம். அந்தத் தேவை உண்மையே. பிடித்து இழுத்து வந்த மனிதரை, மனம் வைத்து இருக்கச் சொல்லிக் கேட்கும் நிலைக்குக் கடற்படை வந்ததையே அது காட்டுகிறது. 1849-இல் நன்னடத்தைப் பட்டைகளும் அவற்றுக்குக் கூடுதல் ஊதியமும் வந்தன. கசையடி அமைதிக்காலத்தில் 1871-லும், போர்க்காலத்துக்கும் சேர்த்து 1879-லும் நிறுத்திவைக்கப்பட்டது. நடத்தையை அளக்கும் கோல் சாட்டையிலிருந்து பதிவேட்டுக்கு மாறியது.

விக்டோரியா காலப் பதக்கத்தின் பின்முகத்தில் மூன்று பாய்மரப் போர்க்கப்பல், அதைச் சுற்றி அடியில் முடிச்சிட்ட கயிறு. விளிம்பில் பெயர், பதவி, கப்பல். பழையவற்றில் ஆண்டுக்கணக்கும் பொறித்திருப்பதுண்டு. அந்த விளிம்பு எழுத்தில்தான் சாதாரண மாலுமி பெயரும் காலமும் உள்ள மனிதராகிறார். ஆனால் இந்தச் சொல்லின் நீதி முழுமையடைய நெடுங்காலமாயிற்று. நன்னடத்தைக்குச் சான்று காட்ட வேண்டியவர் கீழ்த்தட்டு மாலுமி மட்டுமே என்பதுபோல் அதிகாரிகளை இந்தப் பதக்கத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். எல்லா அதிகாரிகளுக்கும் அது உரியதென்று விதி மாறியது 2016-இல்.